பிள்ளையின் மனசில் பட்ட காயம்



முந்திய பாடங்களில் வயிற்றோட்டம், இரத்தசோகை, பல் சுத்தம் பற்றியெல்லாம் பேசினோம். இந்த முறை பேசப்போவது கண்ணுக்குத் தெரியாத ஒரு காயத்தைப் பற்றி. வாசிக்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவங்க இருந்தால் யாராவது வாசித்துக் காட்டுங்கள். ஆனால் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு இதை வாசிக்கச் சொல்ல வேண்டாம்.

ஒரு டிவிசனில் தாய்மார் கூட்டம் முடிந்து எல்லோரும் கொழுந்து மடுவத்துப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு அம்மாயி மட்டும் கொங்காணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாங்க. பேத்திக்கு 9 வயது. மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை. பக்கத்து லயத்து ஆள் ஒருவன் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்திருக்கிறான். பொலிஸ், ஆஸ்பத்திரி, வழக்கு எல்லாம் நடந்தாச்சு. ஆளும் உள்ளே. அம்மாயி கேட்டது இதுதான்:

“காயத்துக்கு மருந்து குடுத்தாங்க, ஆறிருச்சு. ஆனா புள்ள பழைய புள்ளயா வரல்லைங்க. ராத்திரியில அலறுது. பீலிப் பக்கம் போகமாட்டேங்குது. இதுக்கு மருந்து ஒண்ணும் இல்லீங்களா?”

இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் சொல்லப்போகிறேன். அந்தப் பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால், நான் பார்த்த மூன்று நான்கு பிள்ளைகளின் சங்கதியை ஒன்றாகக் கலந்துதான் எழுதுகிறேன். எந்தத் தோட்டம் என்று யோசிக்க வேண்டாம்.

குளவி கொட்டின மலை

மலையில் குளவி கொட்டிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு, ஒரு கிழமையில் வீக்கம் வடிந்துவிடும். ஆனால் பிறகு அந்த நம்பர் மலைக்குப் போகச் சொன்னால் அவ கால் வராது. ஒரு சின்ன வண்டு ரீங்காரம் போட்டாலே கூடையைப் போட்டுவிட்டு ஓடுவா. மற்றவங்க சிரிப்பாங்க. அவளுக்கோ நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். அது வண்டு என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது.

நம் மூளைக்குள் ஆபத்து மணி மாதிரி ஒரு சிறு பகுதி உண்டு. அமிக்டலா என்று சொல்வார்கள், பாதாம் பருப்பு அளவுதான். ஆபத்து வந்தால் அது மணியடித்து, ஓடு, சண்டை போடு, இல்லையென்றால் அசையாமல் நில் என்று உடம்புக்குச் சொல்லும். பெரிய பயம் ஒன்று பட்ட பிறகு இந்த மணி சிலருக்குக் கெட்டுப்போன மணி மாதிரி ஆகிவிடும். ஆபத்தே இல்லாத நேரத்திலும் அடிக்கும். ஒரு வாசனை, ஒரு ஆளின் செருப்புச் சத்தம், ஒரு பாட்டு, கதவுத் தாழ்ப்பாள் போடுகிற ஓசை, இப்படி எது வேண்டுமானாலும் அதைக் கிளப்பிவிடலாம். இதைத்தான் மனவடு என்கிறோம். நம் பேத்திக்குப் பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் அப்படி.

குளவி கொட்டிய பெண்ணுக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குளவி கொட்டியதை அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லுவா. கங்காணியிலிருந்து துரை வரைக்கும் விசாரிப்பாங்க. பிள்ளைக்கு அந்த ஆறுதல் கிடையாது. கொட்டினது குளவியும் இல்லை, தெரிந்த ஆள். மாமா, சித்தப்பா, பக்கத்து லயத்து அண்ணன், மிட்டாய் வாங்கிக் கொடுத்தவன். அதனால் பிள்ளைக்குப் பயத்தோடு வெட்கமும் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

5, 6 வயதுப் பிள்ளை நின்றுபோன படுக்கை நனைத்தல் பழக்கத்துக்குத் திரும்பும். அம்மாயி சேலையை விடாது. பேசின பிள்ளை பேசாமல் போகும். பள்ளிக்கூட வயதில் வயிற்று வலி, தலைவலி என்று அடிக்கடி டிஸ்பென்சரிக்கு வரும், சோதித்தால் ஒன்றும் இருக்காது. படிப்பில் கவனம் போகும். டீச்சர், “சோம்பேறியா ஆயிட்டான்” என்பார். பெரிய பிள்ளைகளிடம் கோபம், வீட்டை விட்டு ஓடுவது, கையைக் கீறிக்கொள்வது, சாகப் போகிறேன் என்று சொல்வது. இப்படிச் சொல்கிற பிள்ளையை, “சும்மா மிரட்டுது” என்று ஒருநாளும் விடக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலே துஷ்பிரயோகம் என்று முடிவு கட்ட வேண்டாம். தகப்பன் தினமும் குடித்துவிட்டு அம்மாவை அடித்தாலும் பிள்ளை படுக்கை நனைக்கும். எதுவாக இருந்தாலும் விசாரிக்க வேண்டிய விஷயம்தான்.

பிள்ளைகள் மனவடுவை வாயால் சொல்வதை விட விளையாட்டில் காட்டுவது அதிகம். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சௌச்சில்லா என்ற ஊரில், பள்ளிக்கூட பஸ்சோடு 26 பிள்ளைகளைக் கடத்திப் போனார்கள். ஒரு கல்லுடைக்கும் இடத்தில் மண்ணுக்குள் புதைத்த பெரிய வண்டிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். சுமார் 16 மணித்தியாலம் கழித்துப் பிள்ளைகளும் டிரைவரும் தாங்களாகவே வழி பண்ணி வெளியே வந்துவிட்டார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. “பிள்ளைகள்தானே, மறந்துடுவாங்க” என்று ஊர் நினைத்தது. லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பேசினார். அவர் பார்த்தவர்களில் பாதிப்பில்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. நாலைந்து வருஷம் கழித்துப் போனபோதும் பயம் அப்படியே இருந்தது. பஸ் விளையாட்டு, கடத்தல் விளையாட்டு என்று திரும்பத் திரும்ப ஒன்றையே விளையாடியிருக்கிறார்கள். அந்த விளையாட்டில் சிரிப்பு இல்லை.

நம் பிள்ளைக்காம்பராவிலும் ஒரு பிள்ளை பொம்மையை வைத்து ஒரே மாதிரி, சந்தோஷமில்லாமல், திரும்பத் திரும்ப விளையாடினால், “ச்சீ, என்னா விளையாட்டு இது” என்று அடிக்காதீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். எழுதி வையுங்கள்.

சொன்னதை மாற்றிச் சொல்கிற பிள்ளை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தோட்டங்களில் அதிகமான பிள்ளைகள் கைவிடப்படுவது இங்கேதான்.

பிள்ளை முதலில் சொல்லும். பிறகு வீட்டில் சண்டை. லயத்தில் பேச்சு. ஆளின் பெண்சாதி வந்து அழுவாள். தலைவர்மார் வந்து, “மானம் போயிடும், பேசி முடிச்சிக்குவோம்” என்பார்கள். பணம் கொடுப்பதாகவும் சொல்வார்கள். பத்து நாள் கழித்துப் பிள்ளை, “நான் பொய் சொன்னேன்” என்று சொல்லிவிடும். எல்லோரும் மூச்சு விடுவார்கள். “பார்த்தீங்களா, பொய்தான்!”

ரோலண்ட் சமிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983இல் இதைப் பற்றி எழுதினார். பிள்ளை ரகசியமாக வைத்திருக்கும். கையாலாகாத நிலையில் இருக்கும். தப்ப வழியில்லாமல் அதோடே வாழப் பழகிக்கொள்ளும். பிந்திச் சொல்லும், சொன்னாலும் நம்பும்படியாக இருக்காது. கடைசியில் சொன்னதை வாபஸ் வாங்கும். இந்த ஐந்தையும் அவர் வரிசைப்படுத்திக் காட்டினார். பிள்ளை வாபஸ் வாங்குவதனாலேயே நடந்தது இல்லை என்று ஆகிவிடாது. குடும்பம் உடைவதைப் பார்த்து, அதற்குத் தான்தான் காரணம் என்று நினைத்துப் பிள்ளை தன் வாயை மூடிக்கொள்கிறது.

பாலியல் துஷ்பிரயோகம் கோயில் கமிட்டியோ தலைவரோ தீர்த்து வைக்கிற விஷயம் இல்லை. 1995இல் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தி இந்தக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். பணம் வாங்கிப் பேசி முடித்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் வாங்கிய டீவிக்கு முன்னால் அந்தப் பிள்ளை உட்காரவே மாட்டாள்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் முதல் வேலை பாதுகாப்பு. தீங்கு செய்தவன் அதே காம்பராவில் படுத்திருக்கும்போது எந்த டாக்டர் வந்தாலும் பிள்ளையின் மனசை ஆற்ற முடியாது. அந்த மணி சரியாகத்தானே அடிக்கிறது! ஆபத்து நிஜமாகவே பக்கத்தில் இருக்கிறது.

சிகிச்சை என்றால் என்ன?

மனச்சிகிச்சை என்றதும் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. “நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்குமா?” என்று கேட்கிறார்கள். பிள்ளைக்குப் பைத்தியம் இல்லை. குளவி கொட்டின இடம் வீங்குவது மாதிரி, இது பட்ட காயத்துக்கு வருகிற வீக்கம்.

சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா அக்ஸ்லைன் 1947இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒரு அறையில் பொம்மை, மண், தண்ணீர், களிமண், வர்ணப் பென்சில் இருக்கும். பிள்ளை எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரியவர் வழிகாட்ட மாட்டார். பக்கத்தில் இருந்து பிள்ளை காட்டுவதைப் புரிந்துகொண்டு பதில் சொல்வார். வாய் திறக்காத பிள்ளை அங்கே திறக்கும். ஆனால் மனவடுவுக்கு இது மட்டும் போதுமா என்றால், என் அபிப்பிராயம் போதாது என்பதுதான். கதவைத் திறக்க இது நல்லது. வீட்டைக் கழுவ வேறு வேண்டும்.

அந்த வேறு ஒன்றுதான் இன்றைக்கு உலகத்தில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. மனவடுவை மையமாகக் கொண்ட அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயர் நீளம், காரியம் எளிது. ஜூடித் கோஹன், அந்தோனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் என்ற மூன்று அமெரிக்கர்கள் உருவாக்கியது. பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளைகளுக்குத்தான் முதலில் செய்தார்கள். 3 வயதிலிருந்து 18 வயது வரை செய்யலாம். பொதுவாக 12 முதல் 16 சந்திப்பு, கிழமைக்கு ஒன்று. பிள்ளை மட்டும் போனால் போதாது. தாயோ, அம்மாயியோ, பிள்ளையை வளர்க்கிறவர் யாரோ அவரும் கூடவே பாடம் படிக்க வேண்டும்.

நம் பேத்தியின் சந்திப்புகளைச் சொல்கிறேன், புரியும்.

முதல் நாள் நடந்ததைப் பற்றிக் கேட்கவே இல்லை. இப்படி நிறையப் பிள்ளைகளுக்கு நடந்திருக்கிறது, நடந்தது உன் பிழை இல்லை, அலறுவதும் வயிறு வலிப்பதும் உடம்பின் மணி அடிப்பதால்தான் என்று சொன்னார்கள். அம்மாயியும் அதைக் கேட்டாங்க. “அப்ப பேய் பிடிக்கல்லையா?” என்று கேட்டாங்களாம். அந்த ஒரு விளக்கத்திலேயே பாதி பாரம் இறங்கியது.

அடுத்து மூச்சுப் பயிற்சி. வயிற்றில் ஒரு சின்னப் பொம்மையை வைத்துப் படுத்து, மூச்சை இழுக்கும்போது பொம்மை மேலே போக வேண்டும், விடும்போது மெல்ல இறங்க வேண்டும். இதை வீட்டிலும் ராத்திரியில் செய்தார்கள். பிறகு உணர்ச்சிகளுக்குப் பெயர் வைக்கிற பாடம். நம் பிள்ளைகளிடம் “பயமா இருக்கு”, “வயிறு வலிக்குது” என்ற இரண்டு வார்த்தைதான் பெரும்பாலும் இருக்கும். கோபம், வெட்கம், ஏக்கம், அருவருப்பு என்று பிரித்துச் சொல்லப் பழக்குவார்கள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி, பூச்சியத்திலிருந்து பத்து வரை பயம் இப்போது எத்தனை என்று பிள்ளையே சொல்லும்.

அதன் பிறகு யோசனைகளைத் திருத்துவது. பேத்தியின் மனசில் ஒரு வாக்கியம் முள் மாதிரி ஏறியிருந்தது: “நான் கத்தல்ல, அதனால நானும் பிழை.” ஆலோசகர் வாதாடவில்லை. “இதே காரியம் ஒங்க தங்கச்சிக்கு நடந்து, தங்கச்சி பயத்தில கத்தாம இருந்தா, தங்கச்சி பிழைன்னு சொல்லுவீங்களா?” என்று கேட்டார். பிள்ளை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இல்ல, அவ சின்னப் புள்ள” என்றது. “நீங்க?” “நானும் சின்னப் புள்ளதான்.” பயத்தில் உடம்பு அசையாமல் நின்றுவிடும் என்று முன்னமே சொன்னேனே, அதைப் பிள்ளை தன் வாயால் கண்டுபிடித்தது.

கதையை எழுதுவது

இந்தச் சிகிச்சையின் நடு மையம் இதுதான். பயப்படுகிற பெற்றோரும் இங்கேதான் அதிகம். “மறக்கிற நேரத்தில் ஏன் ஞாபகப்படுத்துறாங்க?” என்பார்கள்.

கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தைக் கழுவாமல் துணி சுற்றி வைத்தால் என்ன ஆகும்? மேலே மூடும், உள்ளே சீழ் வைக்கும். கழுவும்போது எரியும். எரிகிறது என்று கழுவாமல் விடுவதில்லை. ஆனால் டாக்டர் மெல்ல மெல்லத்தான் கழுவுவார், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். அதே மாதிரிதான்.

பிள்ளை ஒரு சின்னப் புத்தகம் செய்யும். முதல் பக்கத்தில் என் பெயர், என் வகுப்பு, எனக்குப் பிடித்த சாப்பாடு. அடுத்து அந்த நாளுக்கு முந்திய நாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. எழுதத் தெரியாத பிள்ளை சொல்லும், ஆலோசகர் எழுதுவார், அல்லது படம் வரையும். பயம் எட்டு ஒன்பது என்று ஏறினால் நிறுத்தி மூச்சுப் பயிற்சி செய்வார்கள். அடுத்த முறை அதே பக்கத்தை வாசிக்கும்போது பயம் ஆறு. அதற்கடுத்து மூன்று. கதை மாறவில்லை, அது ராத்திரியில் தானாக வந்து பிள்ளையின் கழுத்தைப் பிடிப்பது நிற்கிறது. கடைசிப் பக்கத்தில், இப்படி நடந்த வேறொரு பிள்ளைக்கு நீ என்ன சொல்லுவாய் என்று எழுதச் சொல்வார்கள்.

அந்தப் புத்தகத்தை அம்மாயிக்கு முன்னால் பிள்ளை வாசித்துக் காட்டும் நாள் ஒன்று வரும். அதற்கு முன்பே ஆலோசகர் அம்மாயியைத் தனியாகக் கூப்பிட்டு அவங்களைத் தயார் பண்ணுவார். அம்மாயி அழக்கூடாது என்று இல்லை. ஆனால் மயக்கம் போட்டு விழுந்து, “ஐயோ என் குலம் போச்சே” என்று மாரடித்தால், பிள்ளை திரும்பவும் தன் வாயை மூடிவிடும். நம் அம்மாயி ஒன்றும் பேசாமல் பிள்ளையின் தலையைத் தடவினாங்க. அதுவே போதும்.

பீலிப் பயத்துக்கு வேறு ஏற்பாடு. ஒருநாள் லயத்து வாசலில் நின்று பீலியைப் பார்ப்பது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி வழி. பிறகு அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டு பீலி வரைக்கும். எப்போது திரும்ப வேண்டும் என்று பிள்ளைதான் சொல்லும். இது ஆபத்தில்லாத இடத்துக்கும் பொருளுக்கும் மட்டும்தான். தீங்கு செய்த ஆளைப் பார்க்க வைத்து, “பயம் தெளியட்டும்” என்று சொல்வது சிகிச்சை இல்லை, கொடுமை. அதே மாதிரி ஆள் நடமாட்டமில்லாத பீலிக்கு 9 வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதும் சரி இல்லை. அது பயம் இல்லை, புத்தி.

நம் நாட்டில் செய்து பார்த்த ஒரு முறை

ஒரே தடவை இல்லாமல் பல கஷ்டங்களை அடுக்கடுக்காகப் பட்ட பிள்ளைகளுக்கு ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தவர்கள் உருவாக்கிய கதைசொல்லல் சிகிச்சை ஒன்று உண்டு. தரையில் ஒரு கயிற்றைப் போடுவார்கள். அதுதான் பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கல்லையும் பூவையும் பற்றிப் பேசுவார்கள். கயிற்றின் மிச்சம் சுருட்டியபடியே இருக்கும், அது இனி வரப்போகிற காலம்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டின் வடகிழக்கில் இதைச் செய்து பார்த்தார்கள். யுத்தத்தாலும் கடலாலும் அடிபட்ட 31 பிள்ளைகள். பாதிப் பேருக்கு இந்தக் கதைசொல்லல் முறை, மற்றப் பாதிப் பேருக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டுமே 6 சந்திப்பு. செய்தவர்கள் வெளிநாட்டு டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 81 பேரும், இரண்டாவது கூட்டத்தில் நூற்றுக்கு 71 பேரும் தேறியிருந்தார்கள். இந்த முடிவு 2009இல் வெளிவந்தது. சின்ன ஆய்வுதான், வீட்டுக்குள் நடந்த துஷ்பிரயோகம் பற்றியதும் இல்லை. ஆனாலும் நம் ஊர்க்காரர்கள், நம் மொழியில், ஆறே சந்திப்பில் இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய தைரியம் தருகிறது.

கண் அசைவுச் சிகிச்சை என்று இன்னொன்று உண்டு. பிரான்சின் ஷாப்பிரோ 1989இல் எழுதியது. கெட்ட ஞாபகத்தை மனசில் வைத்துக்கொண்டே, இடமும் வலமும் அசைகிற விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும். கேட்க விநோதமாக இருந்தாலும், உலக சுகாதார நிறுவனம் 2013இல் மனவடு நோய் உள்ள பிள்ளைகளுக்கு அறிகை நடத்தைச் சிகிச்சையோடு இதையும் சிபாரிசு செய்திருக்கிறது.

மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற சில வகை மாத்திரைகளைப் பயம் பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அதே நிறுவனம் சொல்லுகிறது. ஆகவே கடையில் கேட்டு வாங்கியோ, பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்தோ கொடுக்க வேண்டாம். டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

கோயில் பற்றி ஒரு வார்த்தை. விபூதி போட்டு, அம்மன் முன்னால் ஒரு சூடம் கொளுத்தி, “ஆத்தா பார்த்துக்குவா” என்று சொன்னால் பிள்ளைக்குத் தெம்பு வரும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று வேப்பிலையால் அடிப்பதும், தலைமயிரைப் பிடித்து ஆட்டுவதும் காயத்தின் மேல் காயம்.

வீட்டிலும் பிள்ளைக்காம்பராவிலும்

நடந்ததைப் பற்றித் துருவித் துருவிக் கேட்காதீர்கள். மாமி வந்தால் ஒரு தடவை, பெரியம்மா வந்தால் ஒரு தடவை என்று பிள்ளையைச் சொல்ல வைப்பது கொடுமை. வழக்குக்கும் கெடுதல். பிள்ளையின் சாட்சியத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்ட 1999ஆம் ஆண்டிலிருந்து நம் சட்டம் இடம் கொடுக்கிறது. பிள்ளை தானாகப் பேசினால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். இது ஒன் பிழை இல்ல.” இந்த மூன்று பேச்சும் போதும். “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் பண்ண வேண்டாம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் படுக்கை, பள்ளிக்கூடம். சாதாரண நாட்கள் சாதாரணமாகப் போவதே பாதி மருந்து. 1940களில் லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் பிள்ளைக்காம்பரா மாதிரி ஒன்றை நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பர்லிங்ஹமும், குண்டைவிடத் தாயைப் பிரிந்ததுதான் பல பிள்ளைகளை உலுக்கியது என்று எழுதினார்கள். தாய் வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும்! தாய் உடனே திரும்ப முடியாவிட்டால், குறித்த நாளில் குறித்த நேரத்தில் கோல் எடுத்துப் பேசட்டும். போனில் அழுது, “நான் போனதால்தான் இப்படி ஆச்சு” என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது. அந்த அழுகையை ஆலோசகரிடம் அழலாம்.

ஆண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். “அவன் ஆம்பிளைப் பயல், ஒண்ணும் ஆகாது” என்று விடப்பட்ட பையன்கள் சிலரை வளர்ந்த பிறகு சாராயக் கடையில் பார்த்திருக்கிறேன்.

எங்கே போவது?

ஆபத்து இன்னும் இருந்தால் 1929க்குப் பேசுங்கள். இது 1998ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். சிகிச்சைக்கு மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குப் போகலாம். தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் சுலபம். சில பெரிய ஆஸ்பத்திரிகளில் “நட்பு நிலையம்” என்று பலகை போட்ட அறை உண்டு, சிங்களத்தில் “மிதுரு பியச”. வீட்டு வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களை அங்கே தனியாக வைத்துப் பேசுவார்கள். மனசு தாங்காமல் இருந்தால் 1926க்குப் பேசலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

தமிழ் பேசுகிற ஆலோசகர் எல்லா இடத்திலும் இல்லை. இது நம் பெரிய குறை. பிள்ளை தன் பயத்தை இன்னொருவர் மொழிபெயர்க்கச் சொல்ல முடியுமா? ஆகவே முதல் நாளே, “தமிழ் தெரிஞ்ச ஆள் எந்தக் கிழமை வர்றாங்க?” என்று கேட்டு, அந்த நாளுக்குத் துண்டு போடச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். தமிழும் 1987ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழி.

கிளினிக் நாளில் ஒரு பேர் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். 12 சந்திப்பு என்றால் 12 பேர். நம் அம்மாயிக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது. லயத்தில் இரண்டு பெண்கள் மாறி மாறிப் பிள்ளையைக் கூட்டிப் போக முன்வந்தார்கள். அம்மாயி கட்டாயம் வரவேண்டிய நாட்களுக்கு மட்டும் அவங்களே போனாங்க.

பேத்தி இப்போது பத்தாவது சந்திப்பை முடித்திருக்கிறாள். வழக்குத் தவணை வந்த கிழமையில் திரும்பவும் இரண்டு ராத்திரி அலறினாள். அம்மாயி பயந்துபோய் வந்தாங்க. தவணை, அந்த நாள், அந்த மாதம் வரும்போது இப்படி ஆகும், சிகிச்சை வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்று ஆலோசகர் சொன்னார். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. பீலிக்கு அம்மாயியோடு போகிறாள், தன் சின்ன வாளியை அவளே தூக்கிக்கொண்டு வருகிறாள்.